“நீங்கள் கேட்கவில்லையே” என்பது பதிலாகுமா?



ஹார்டு டிஸ்க் வாங்குவதைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியர் எழுதுவதைக் கண்டு சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உளூவின் சட்டங்களையும் ஜகாத்தின் அளவுகளையும் எழுத வேண்டியவருக்கு இது எதற்கு என்று கேட்கக்கூடும். கொடுக்கல் வாங்கலைத் தனிப் பெரும் பாடமாகவே வைத்துள்ள மார்க்கம் நம்முடையது. ஹதீஸ் நூல்களில் ‘கிதாபுல் புயூஃ’ என்னும் வியாபார நூலைப் புரட்டியவர்கள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுதிக்கொள்வதில் சோர்வு கொள்ளாதீர்கள் என்பது அதில் வரும் கட்டளைகளுள் ஒன்று.

எழுதி வைப்பது அமானிதம் என்றால், எதில் எழுதி வைக்கிறோம் என்பதும் அமானிதத்தைச் சேர்ந்ததே. எங்கள் பெருநகரின் தாலுகா ஊரான உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையையும், கணக்குக் காட்டாதவர் மறுமுறை வாரியத்திற்கு வரக்கூடாது என்ற விதியையும் அவற்றில் வெட்டி வைத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் படிக்க முடிகிறது. எதன்மீது எழுதுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமோ நிக்காஹ் தஃப்தரையும் வக்ஃப் பத்திரத்தையும் மறைந்த பெற்றோரின் குரலையும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போட்டு வைக்கிறோம். உள்ளே எப்படி எழுதப்படுகிறது என்று வாங்கும்போது கேட்பதில்லை. விற்பவர் சொல்வதுமில்லை.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். மதரஸா அலுவலகக் கணினிக்கு 2 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்று தேவைப்பட்டது. சென்னையில் ஒரு கடைக்குச் சென்றேன். கடைக்காரர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர், ஐவேளைத் தொழுகையாளி. அன்றாடம் பாடங்களைப் பதிவு செய்து, பழையவற்றை அழித்து, புதியவற்றை எழுதுவோம் என்று என் தேவையை விரிவாகவே கூறினேன். அவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மற்றக் கடைகளைவிட விலை சற்றுக் குறைவு. ஊருக்கு வந்து அந்தக் குறைவைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவன் நான்தான் என்பதையும் மறைக்கவில்லை.

இரண்டு மாதங்கள் குறை ஏதும் தெரியவில்லை. அதன்பின் ஒருநாள் மதரஸாவின் பழைய டிஸ்க் ‘டக் டக்’ என்று ஒலி எழுப்பத் தொடங்கியது. மறைந்த எங்கள் உஸ்தாத் அவர்களின் ஜும்ஆ பயான்களும், ஊர் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டின் ஸ்கேன் படங்களும் அதில் இருந்தன. உடனே புதிய டிஸ்கிற்கு நகல் எடுக்க ஆரம்பித்தோம். முதல் அரைமணி நேரம் வேகமாகச் சென்றது. அல்ஹம்து லில்லாஹ் என்றோம். பிறகு வேகம் விழுந்தது, மேலும் விழுந்தது. சில நேரங்களில் ஒன்றுமே நகராமல் நின்றது. ஸ்கேன் படங்கள் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் அல்லவா! இஷாவுக்குப் பின் தொடங்கிய வேலை மறுநாள் லுஹர் வரை முடியவில்லை. அஸருக்கு முன் பழைய டிஸ்க் அடங்கிவிட்டது. பதிவேட்டின் மூலத் தாள்கள் ஜமாஅத்தின் பெட்டியில் உள்ளன, திரும்ப ஸ்கேன் செய்துகொள்ளலாம். உஸ்தாத் அவர்களின் குரலில் ஏறத்தாழ பாதி போய்விட்டது.

பழைய டிஸ்கின் அஜல் அன்றே என்று இருந்தால் அதை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆகவே புதிய டிஸ்கின் மீது முழுப் பழியையும் நான் போடவில்லை. கடைக்காரரிடம் சென்று நடந்ததைச் சொன்னபோது அவர் கூறிய பதில்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. “அது எஸ்எம்ஆர் டிஸ்க் ஹஜ்ரத், அப்படித்தான் இருக்கும். அதனாலதான் விலை கம்மி.” தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். “பெட்டியிலேயே போடலை. நீங்களும் கேக்கலையே!”

அவர் சொன்ன அந்த எஸ்எம்ஆர் என்பது என்னவென்று பார்ப்போம். ஹார்டு டிஸ்கின் உள்ளே சுழலும் தட்டில் வட்ட வட்டமாகத் தடங்கள் உள்ளன. அவற்றில்தான் நம் கோப்புகள் எழுதப்படுகின்றன. பழைய முறையில் ஒவ்வொரு தடமும் அடுத்ததைத் தொடாமல் தனித்து நிற்கும். வயலில் வரப்பு விட்டுப் பாத்தி பிரிப்பது போல. இம்முறைக்கு சிஎம்ஆர் என்று பெயர். எஸ்எம்ஆர் முறையில் ஒரு தடத்தின் ஓரத்தின் மீது அடுத்த தடம் ஏறி அமர்கிறது. நாட்டு ஓடு வேய்ந்த கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயரும் அந்தப் பொருளிலேயே வைக்கப்பட்டதுதான். எழுதும் முனை அகலமானது, படிக்கும் முனை குறுகலானது. ஆகவே ஓரம் மறைந்தாலும் மிச்சமுள்ள பகுதியைப் படித்துவிட முடிகிறது. அதே தட்டில் கூடுதல் தகவலைத் திணிக்கலாம், தயாரிப்பவருக்குச் செலவும் குறைகிறது.

ஆனால் கூரையின் நடுவில் உடைந்த ஓட்டை மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றை மட்டும் உருவ முடியாது. மேலே படிந்தவற்றை எடுத்து, உடைந்ததை மாற்றி, எடுத்தவற்றைத் திரும்ப அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்கிலும் நடுவில் ஒரு சிறு பகுதியை மாற்றி எழுத வேண்டுமானால், அதை ஒட்டியுள்ள தடங்களின் தொகுதியையே படித்து வைத்துக்கொண்டு திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

இந்தத் தாமதம் வெளியே தெரியாதிருக்க ஓர் ஏற்பாட்டையும் செய்திருக்கிறார்கள். டிஸ்கின் ஒரு சிறு பகுதியைப் பழைய முறையிலேயே விட்டு வைத்திருப்பார்கள். நாம் எழுதுவது முதலில் அங்கே வேகமாகச் சென்று சேரும். நாம் வேலை செய்யாத நேரத்தில் டிஸ்க் தானாகவே அவற்றை ஓடு வேய்ந்த பகுதிக்கு மெல்ல மாற்றிக்கொள்ளும். ஓய்வு கொடுக்காமல் எழுதிக்கொண்டே போனால் அந்தச் சிறு பகுதி நிரம்பிவிடும். அதன்பின்தான் உண்மையான வேகம் வெளிப்படும். கடையில் சோதித்தாலும், வீட்டில் முதல் நாள் சோதித்தாலும் அருமையான டிஸ்க் என்றே தோன்றும்.

இதைப் படித்து அறிந்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் நடத்தும் ஒரு பாடம். ‘முஸர்ராத்’ என்று சொல்வோம். ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்குமுன் சில நாள்கள் பால் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்க வைத்து, நிறையப் பால் தரும் பிராணி என்று வாங்குபவரை நம்பவைப்பது. இதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கியவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் திருப்பிக் கொடுத்து, கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் கொடுக்கலாம் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. மூன்று நாள் அவகாசம் என்றும் அறிவிப்பு உண்டு. முதல் நாள் கறவையில் மடி பொய் சொல்லும், உண்மை தெரிய நாளாகும் என்பதால்தான் அந்த அவகாசம். ஷாஃபிஈ மத்ஹபினர் உள்ளிட்ட பெரும்பாலோர் இந்த ஹதீஸின்படியே சட்டம் கூறுகின்றனர். ஹனஃபி மத்ஹபில் பரிகாரத்தின் வடிவம் பற்றி மாற்றுக் கருத்து இருக்கிறது. ஏமாற்றுவது ஹராம் என்பதில் எந்த இமாமுக்கும் கருத்து வேறுபாடில்லை.

‘இது ஏதோ ஒரு கடைக்காரரின் அலட்சியம், இதற்கு இவ்வளவு பேச்சா’ என்று எண்ணிவிடாதீர்கள். உலகின் பெரும் நிறுவனங்களே இதைச் செய்து மாட்டிக்கொண்டன. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘ரெட்’ வகை டிஸ்குகள், பல டிஸ்குகளை ஒன்றாகக் கோத்து இடைவிடாது இயங்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே விற்கப்பட்டவை. அவற்றில் 2 முதல் 6 டெராபைட் வரையிலான மாதிரிகளை நிறுவனம் எஸ்எம்ஆர் முறைக்கு மாற்றியது. பெட்டியில் அதே சிவப்பு நிறம், அதே பெயர். விவரத் தாளில் அந்த மாற்றம் பற்றி ஒரு சொல் இல்லை. பழுதான டிஸ்கிற்குப் பதிலாகப் புதியதைச் செருகியவர்கள் வியந்தார்கள், பெட்டி அதை ஏற்க மறுத்து வெளியே தள்ளியது. 2020 ஏப்ரலில் ‘பிளாக்ஸ் அண்ட் ஃபைல்ஸ்’ என்ற இணைய இதழ் இதை வெளிக்கொணர்ந்தது. ஸீகேட்டின் சில பாராகுடா டிஸ்குகளும், தோஷிபாவின் சில டிஸ்குகளும் அவ்வாறே சொல்லாமல் விற்கப்பட்டன என்பது அதே மாதத்தில் தெரியவந்தது. அடுத்த மாதம் ‘சர்வ் தி ஹோம்’ என்ற தளம் 4 டெராபைட் டிஸ்குகளைச் சோதித்தது. சிஎம்ஆர் டிஸ்க் ஒரு நாளுக்குள் முடித்த மறுகட்டுமானப் பணிக்கு, எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்பது நாள்களுக்கும் மேலாக எடுத்துக்கொண்டது.

ஒன்பது நாள்கள்! ஒரு டிஸ்க் ஏற்கெனவே செத்துக் கிடக்க, மிச்சமுள்ளவை ஒன்பது நாள் ஓய்வின்றி ஓடித் தாங்க வேண்டும்.

நிறுவனத்தின் முதல் விளக்கம் என்னவென்றால், வீட்டுப் பயன்பாட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் இது போதுமானது என்பது. போதுமா போதாதா என்று முடிவு செய்ய வேண்டியவர் காசு கொடுப்பவரல்லவா? அந்த முடிவை எடுக்கத் தேவையான ஒரே செய்தியை மறைத்துவிட்டுப் போதும் என்று சொல்வதில் என்ன நியாயம்? எதிர்ப்பு எழுந்தபின் பட்டியலை வெளியிட்டார்கள். சிஎம்ஆர் டிஸ்குகளுக்கு ‘ரெட் பிளஸ்’ என்று தனிப் பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் வழக்கு நடந்து, வாங்கியவர்களுக்கு இழப்பீடு தர இணங்கினார்கள். அல்லாஹ்வை அஞ்சாதவர்கள் நீதிமன்றத்தை அஞ்சி இதைச் செய்தார்கள் என்றால், அளவில் குறைப்போருக்குக் கேடு என்று தொடங்கும் சூராவைத் தொழுகையில் ஓதுகிற நாம் எங்கே நிற்க வேண்டும்?

கடைக்காரர் சொன்ன இரண்டு சமாதானங்களுக்கும் வருகிறேன். ‘பெட்டியில் போடவில்லை’ என்பது முதலாவது. நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மழை அவருடைய குற்றமன்று. ஆயினும் நனைந்ததை மக்கள் பார்க்குமாறு மேலே வைத்திருக்க வேண்டாமா என்று நபியவர்கள் கேட்டார்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. டிஸ்கைத் தயாரித்தவர் மறைத்தது மழையைப் போன்றது என்றே வைத்துக்கொள்வோம். ஈரம் இருப்பதை அறிந்த கடைக்காரர் அதைக் குவியலின் மேலே வைக்கக் கடமைப்பட்டவர்.

‘நீங்கள் கேட்கவில்லையே’ என்பது இரண்டாவது. இதற்கு வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சியைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. ஒருவர் ஓர் ஒட்டகத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டார். வாஸிலா (ரலி) அவர்கள் பின்னாலேயே விரைந்து வந்து, இதைப் பற்றிய விவரம் உமக்குச் சொல்லப்பட்டதா என்று விசாரித்தார்கள். பார்க்கக் கொழுத்து நன்றாக இருக்கிறதே என்றார் வாங்கியவர். இறைச்சிக்கு வாங்கினீரா, பயணத்திற்கா என்று அடுத்துக் கேட்டார்கள். ஹஜ்ஜுப் பயணத்திற்கு என்று பதில் வந்தது. அப்படியானால் இதன் காலில் துளை இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். விற்றவர் வருத்தப்பட்டார், என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்றார். பொருளில் உள்ளதை விளக்காமல் விற்பது ஆகுமானதன்று, அதை அறிந்தவர் சொல்லாமலிருப்பதும் ஆகுமானதன்று என்ற நபிமொழியைத் தாம் கேட்டிருப்பதாக அவர்கள் மறுமொழி கூறினார்கள். இமாம் அஹ்மத் போன்றோர் இதைப் பதிவு செய்துள்ளனர்.

வாஸிலா (ரலி) அவர்கள் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: இறைச்சிக்கா, பயணத்திற்கா? அறுத்துச் சாப்பிட வாங்கியிருந்தால் காலில் துளை ஒரு குறையே அன்று. ஹஜ்ஜுக்குப் போகிறவருக்கு அதுவே பெருங்குறை. எஸ்எம்ஆரும் அப்படித்தான். அந்தத் தொழில்நுட்பத்தையே கெட்டது என்று நான் சொல்லவில்லை. பயான்களையும் கிராஅத்துகளையும் ஒருமுறை எழுதி வைத்துவிட்டு வேண்டும்போது கேட்கப் போகிறீர்களா? எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும், விலையும் மிச்சம். ஸீகேட் நிறுவனமே முன்பு ‘ஆர்க்கைவ்’ என்ற பெயரில் அதை எஸ்எம்ஆர் என்று அறிவித்தே விற்றது, அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. நாள்தோறும் எழுதி அழிக்கும் கணினிக்கும், பல டிஸ்க் கோக்கும் பெட்டிக்கும், பள்ளிவாசலின் கண்காணிப்புக் கேமராவுக்கும் அதைத் தலையில் கட்டுவதுதான் துளைக்கால் ஒட்டகத்தை ஹஜ்ஜுக்கு அனுப்புவது. நான் என் பயணம் எதுவென்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை என்பது அங்கேயே பொய்யாகிவிட்டது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைச் சிலர் காட்டுவார்கள். அறிந்த குறையை மறைத்தவரின் பாவத்தை அந்த ஒருவரி அழிக்காது. இந்நாட்டுச் சட்டமும் அதை ஏற்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம் பற்றி அறிவிக்கப்படுவதை நுகர்வோரின் உரிமையாகவே வகுத்திருக்கிறது. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளுள் சேர்த்திருக்கிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள ஒரு துணியை, குறையைச் சொல்லாமல் மறதியாகக் கூட்டாளி விற்றுவிட்டார் என்று அறிந்ததும், அந்தப் பணம் முழுவதையும் ஸதக்கா செய்துவிட்டார்கள். அந்த இமாமைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் வியாபாரிகள் மறதிக்கே இந்தக் கதி என்றால் அறிந்து மறைத்ததற்கு என்ன என்று கணக்கிட்டுக்கொள்ளட்டும்.

வாங்கும் நம்மீதும் பொறுப்பு உண்டு. அதுவும் ஜமாஅத் பணத்தில் வாங்கும்போது ‘எனக்கென்ன தெரியும்’ என்று முதவல்லிகள் கைவிரிக்க முடியாது. ‘ப்ளூ கொடுங்க, பாராகுடா கொடுங்க’ என்று பெயர் சொல்லிக் கேட்பதில் பயனில்லை. ஒரே பெயரில் இரண்டு வகையும் வருகின்றன. டிஸ்கின் மேல் ஒட்டியுள்ள முழு மாதிரி எண்ணை, கடைசி எழுத்து வரை, பார்க்க வேண்டும். மேலே சொன்ன ‘ரெட்’ டிஸ்குகளில் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடிந்த பழைய 4 டெராபைட் சிஎம்ஆர், இஎஃப்ஏஎக்ஸ் என்று முடிந்த புதிய 4 டெராபைட் எஸ்எம்ஆர். அதே இஎஃப்ஏஎக்ஸ் எழுத்துகளோடு வந்த 8 டெராபைட்டோ சிஎம்ஆர்! ஆக எழுத்தும் கொள்ளளவும் சேர்ந்துதான் உண்மையைச் சொல்லும். அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் தளத்திலேயே தேடிப் பாருங்கள். 2020 சர்ச்சைக்குப் பின் மூன்று நிறுவனங்களும் எந்த மாதிரி எந்த வகை என்று வெளியிட்டிருக்கின்றன. கடைக்காரர் காட்டும் தாளில் ‘பிஎம்ஆர்’ என்று இருந்தால் அதை நம்பி விடாதீர்கள். எஸ்எம்ஆர் டிஸ்கும் அந்தக் காந்த முறையில்தான் எழுதுகிறது. சிஎம்ஆர் என்ற சொல்லே வேண்டும்.

சில அடையாளங்களும் உண்டு. கொள்ளளவு சிறியதாக இருந்தும் கேஷ் நினைவகம் மட்டும் 256 எம்பி என்று பெரிதாக இருந்தால் ஐயம் கொள்ளலாம். அந்தப் பழைய 4 டெராபைட் ரெட்டில் அது 64 தான், எஸ்எம்ஆரில் 256 ஆயிற்று. கையடக்கமான 2.5 அங்குல வெளி டிஸ்குகள் 1 டெராபைட்டும் அதற்கு மேலும் என்றால் இப்போது பெரும்பாலும் எஸ்எம்ஆர்தான். வாங்கிவிட்டவர்கள் ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். சுழலும் டிஸ்காக இருந்தும் ‘டிரிம்’ வசதி உள்ளதாகக் காட்டினால் அது எஸ்எம்ஆர் என்பதற்கு வலுவான சான்று. காட்டாவிட்டால் சிஎம்ஆர்தான் என்று உறுதியாகிவிடாது. இவை எல்லாம் சாட்சிகளே. தீர்ப்பு நிறுவனத்தின் பட்டியலிடம்தான் இருக்கிறது.

எல்லாவற்றிற்கும் மேலாக, எதற்காக வாங்குகிறீர்கள் என்பதை வாயால் சொல்லுங்கள், விற்பவர் என்ன வகை என்று சொன்னாரோ அதை பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் இதற்கு விதிவிலக்கு வைக்கவில்லை.

அந்தக் கடைக்காரர் கெட்டவரல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். ஹதீஸைச் சொன்னபோது முகம் வாடிப் பேசாமல் நின்றார். டிஸ்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். விலை வித்தியாசத்தைக் கொடுத்து சிஎம்ஆர் டிஸ்க் ஒன்று வாங்கினேன். பில் போட்ட பையனிடமிருந்து பேனாவை வாங்கி, மாதிரி எண்ணுக்குக் கீழே ‘சிஎம்ஆர்’ என்று தம் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். உஸ்தாத் அவர்களின் பயான்களில் மிஞ்சிய பாதி இப்போது அதில்தான் இருக்கிறது. இன்னொரு பாதியை அந்நாளில் கேசட்டிலோ கைபேசியிலோ பதிவு செய்து வைத்திருக்கும் பெருநகர், மானாம்பதி, வந்தவாசிப் பக்கத்துக் குடும்பத்தார் எவரேனும் இருந்தால் மதரஸாவில் தெரிவியுங்கள்.